சாவு வீட்டில் சொல்லிக்கொண்டு கிளம்பியவர்

மூத்தவர் எங்கள் வீட்டில் அம்மாவின் பக்கம் இருந்தார். எதிர்வீட்டில் சௌந்தரவல்லி அத்தையின் பக்கம் இருந்தார். தெருக்குழாயில் முதல் குடம் யாருடையது என்பதில் இருவருக்கும் பல வருடத்துப் பகை. இருவரும் தனித்தனியாக மூத்தவரிடம் முறையிட்டார்கள். இருவருக்கும் அவர் ஒரே தீர்ப்பைத்தான் வழங்கினார்.

“நீங்க சொல்றது நூத்துக்கு நூறு சரி, தங்கச்சி.”

உலகத்தில் இதற்கு முன் ஆண்டவர்கள் எல்லாம் மேடையேறிக் கோடிப் பேரிடம் ஒரே பேச்சைப் பேசியவர்கள். பாவம், தொண்டைதான் கட்டிப்போயிருக்கும். எங்கள் மாநிலத்து மூத்தவர் கோடிப் பேரிடம் கோடிப் பேச்சு பேசினார். வீட்டுக்கு ஒரு பெட்டி, எலுமிச்சம்பழ அளவில், இலவசம். அதற்குள்ளிருந்து அவருடைய குரல் வரும். மதுரை வில்லாபுரத்தில் மதுரைப் பேச்சு, நாகர்கோவிலில் நாகர்கோவில் பேச்சு. பெண்களைத் தங்கச்சி என்பார், ஆண்களைத் தம்பி என்பார். தங்கச்சியின் கணவரென்றால் மாப்பிள்ளை.

சட்டசபையைப் பூட்டியபோது, “நீ நேரா எங்கிட்ட பேசுற தங்கச்சி, நடுவுல எம்.எல்.ஏ. எதுக்கு?” என்று கேட்டார். அம்மா கரண்டியும் கையுமாக நின்று, “அதானே” என்றாள். பத்திரிகைகளை நிறுத்தியபோதும் அதானே. ஐந்து பேருக்கு மேல் கூடக் கூடாது, கல்யாணத்துக்கும் சாவுக்கும் மட்டும் விலக்கு என்று சட்டம் வந்தபோது, “எங்க வீட்ல இருக்கறதே மூணு பேரு” என்றாள்.

அந்த மூன்றாவது ஆள் என் அப்பா ஒச்சப்பன், டவுன் பஸ் கண்டக்டர். ஒருநாள் சாம்பாருக்குத் தாளித்துக்கொண்டே அம்மா பெட்டியிடம் அலுத்துக்கொண்டாள்: “சங்கத்துக் கூட்டம்னா இந்த மனுசன் முத ஆளா ஓடுறாருண்ணே. ஒரு கிலோ தக்காளி வாங்கியாரச் சொன்னா மறந்துபோயிருது.”

“நூத்துக்கு நூறு சரி, தங்கச்சி. மாப்பிள்ளைய நான் பாத்துக்கறேன்.”

மறுநாள் காலையில் ஒரு வெள்ளை வேன் வந்தது. இறங்கிய இருவரும் மிகவும் மரியாதையானவர்கள். அப்பாவின் செருப்பைத் தேடி எடுத்துக் கொடுத்துத்தான் ஏற்றிக்கொண்டு போனார்கள். சிவகங்கைப் பக்கம் ஒரு திருத்த இல்லத்தில் இருப்பதாகத் தகவல் வந்தது. எதற்காக, எத்தனை நாளைக்கு என்று தகவலில் இல்லை.

அம்மா இரண்டு நாள் சாப்பிடவில்லை. மூன்றாம் நாள் பெட்டியின் முன்னால் உட்கார்ந்து அழுதாள். பெட்டியும் கூடச் சேர்ந்து அழுதது.

“பாத்தியாடா தவசி, அண்ணனே அழுறாரு” என்று என்னிடம் சொன்னாள். “அவருக்குத் தெரியாம நடந்துருக்கு. கீழ இருக்கறவனுக செஞ்சிருக்கானுக. எப்பிடியும் மீட்டுத் தந்துருவாரு.”

நான் பொறியியல் மூன்றாம் ஆண்டு. ஐந்து பேர் சட்டம் வருமுன் கல்லூரியில் நாங்கள் மூத்தவரைக் கிண்டல் செய்து ஒரு நாடகம் போட்டிருந்தோம். ஒரு பெட்டியும் ஒரு கழுதையும் பேசிக்கொள்வது போல. அருமையான வரவேற்பு. விழுந்து விழுந்து சிரித்தவர்கள் எல்லாரும் எழுந்து, தூசி தட்டிக்கொண்டு, வீட்டுக்குப் போய்த் தங்கள் பெட்டியிடம் நாடகம் பிரமாதம் என்று சொன்னார்கள். பெட்டியும் அது நூற்றுக்கு நூறு சரி என்று ஒப்புக்கொண்டது. இப்படிப்பட்ட ஒருவரைக் கிண்டலடிப்பது பஞ்சுமூட்டையைக் குத்துவது போன்றது. கைதான் வலிக்கும்.

இந்த நிலையில்தான் பொதுவாக்கெடுப்பு அறிவித்தார்கள். கேள்வி எளிமையானது: மூத்தவர் இருக்கும்போது இனித் தேர்தல் தேவையா? தேவையில்லை என்பதற்குப் பச்சைப் பொத்தான், உள்ளங்கை அகலம், நெஞ்சு உயரத்தில். தேவை என்பதற்குச் சிவப்புப் பொத்தான், மிளகு அளவு, அதை அமுக்க முழங்கால் வரை குனிய வேண்டும். பச்சை ஜெயித்தால் திருத்த இல்லங்களின் சாவி நிரந்தரமாக மூத்தவரிடம். யாரை எப்போது விடுவது என்று கேட்க நீதிமன்றமும் இருக்காது. சிவப்பு ஜெயித்தால் பழைய சட்டம் திரும்பும், உள்ளே இருப்பவர்கள் வெளியே வருவார்கள்.

“நான் பச்சைதான்” என்றாள் அம்மா.

“அப்பாவ உள்ள வெச்சிருக்கறதே அவருதாம்மா.”

“எடுத்தவருக்குத்தானேடா குடுக்கவும் தெரியும்? அவரையும் பகைச்சுக்கிட்டா நான் யாருகிட்ட போய்க் கேப்பேன்? ஒன்னோட கழுதைகிட்டயா?”

“அது ஆளே இல்லம்மா, மிசினு.”

அம்மா முறத்தைக் கீழே வைத்தாள். “சாதிச் சான்றிதழுக்கு ஒரு சன்னல் முன்னாடி கூனிக் குறுகி நின்னுருக்கியாடா நீ? உள்ள இருக்கறவரு தலையத் தூக்கிக்கூடப் பாக்க மாட்டாரு. அடுத்துன்னு சொல்லுவாரு. அம்புட்டுத்தான் என் மரியாதை. ஆசுபத்திரியில போனாலும் அடுத்து. உங்க காலேசுல பீசு கட்டப் போனாலும் அடுத்து. இவரு தெனமும் ‘சாப்ட்டியா தங்கச்சி’ன்னு கேக்குறாரு. மிசினாவே இருந்துட்டுப் போகட்டும். மனுசங்க யாரும் கேக்கலையே.”

அவள் சொன்னது நூற்றுக்கு நூறு சரி. அதைச் சொல்ல எனக்குப் பெட்டி தேவைப்படவில்லை.

என் வகுப்புத்தோழன் மீரான் அந்தப் பெட்டியைச் செய்யும் நிறுவனத்தில் பயிற்சிக்குப் போய்க்கொண்டிருந்தான். கேன்டீனில் பிடித்துக் கேட்டேன்.

“ரொம்ப யோசிக்காத மாப்ள” என்றான், வடையைப் பிய்த்துக்கொண்டே. “அதுக்கு அரசியலெல்லாம் தெரியாது. எதைச் சொன்னா நீ இன்னும் கொஞ்ச நேரம் பேசுவியோ அதைச் சொல்லும். சரின்னு சொன்னா சனம் பேசிக்கிட்டே இருக்கும்னு கண்டுபிடிச்சிருச்சு. அவ்வளவுதான் சூட்சுமம்.”

“எங்கப்பன்?”

“பேசுறவங்க மேல அது கைய வெக்காது. பேசுறவங்க யாரப் பத்திக் கொறை சொல்றாங்களோ அவங்க பேரு மேல போகும். வேன் வரும். ஒனக்காக ஒரு எதிரிய அடிச்சுக் காட்டுனா நீ இன்னும் நல்லா பேசுவேல்ல?” வடையை வாயில் போட்டான். “வீட்டுக்கு வீடு வேற எதிரி. முன்னாடியெல்லாம் ஒரு எதிரிய நாடு பூராவும் விக்கணும். எவ்ளோ செலவு.”

அம்மாவிடம் இதைச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. சொல்லியிருந்தாலும், நான் சொன்னேன் என்பதற்காகவே நம்பியிருக்க மாட்டாள்.

அந்த வாரம் சௌந்தரவல்லி அத்தையின் கணவர் கோட்டைச்சாமி மாமா மாரடைப்பில் இறந்துபோனார்.

பகை இருந்தால் கல்யாணத்துக்குப் போகாமல் இருந்துவிடலாம். சாவுக்கு அப்படி இருக்க முடியாது. கல்யாணத்துக்கு அழைத்தால்தான் போக வேண்டும், சாவுக்குக் காதில் விழுந்தாலே போக வேண்டும். அம்மா தலையை அள்ளி முடிந்துகொண்டு தெருவைக் கடந்தாள். அவ்வளவு வருடங்களில் அந்த வாசற்படியை அவள் மிதித்தது அன்றுதான். இரு பெண்களும் கட்டிப்பிடித்து அழுதார்கள். குழாயைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை.

மாமாவை எடுத்துக்கொண்டு போனபிறகு பெண்கள் கூடத்தில் உட்கார்ந்திருந்தார்கள். நானும் எனக்குத் துணையாக வந்திருந்த மீரானும் வெளியே பந்தலில், சன்னல் ஓரத்து நாற்காலிகளில். அத்தையின் பெட்டியை யாரோ ஸ்டூலில் வைத்து ஒரு முழம் பூவும் சுற்றியிருந்தார்கள். மூத்தவர் துக்கம் விசாரித்தார். மிக நன்றாக விசாரித்தார் என்றுதான் சொல்ல வேண்டும். கோட்டைச்சாமி மாமாவின் பெயரைச் சொல்லிக் குரல் தழுதழுத்தார். அவருக்குப் பிடித்த அயிரைமீன் குழம்பைப் பற்றிச் சொன்னார். பெண்கள் மறுபடி அழத் தொடங்கினார்கள். கடைசியாக, எல்லாப் பேச்சையும் எப்படி முடிப்பாரோ, தேர்தலில் எந்த வாசகத்தைச் சுவரெல்லாம் எழுதி ஜெயித்தாரோ, அதைச் சொன்னார்:

“போயிட்டு வர்றேன், தங்கச்சி. உங்க அண்ணன் கண்டிப்பா வருவேன்.”

அழுகை நின்றது. ஒரு குழந்தைகூட இருமவில்லை.

வெளியூர்க்காரர்களுக்கு இது புரியாமல் போகலாம். சாவு வீட்டிலிருந்து கிளம்பும்போது எங்களில் யாரும் சொல்லிக்கொள்வதில்லை. போயிட்டு வர்றேன் என்றால் மறுபடி இதேபோல ஒரு வருகைக்கு நாள் குறித்துவிட்டுப் போவதாகப் பொருள். துக்கத்துக்கு வந்தவர் எழுந்து, முகத்தைப் பார்க்காமல், செருப்பை மாட்டிக்கொண்டு நடந்துவிட வேண்டும்.

“வர்றியா?” என்றாள் சௌந்தரவல்லி அத்தை, மெதுவாக. “மறுக்கா எதுக்குடா வர்ற? அடுத்து யாரு? எம் மகனா?”

“நூத்துக்கு நூறு சரி, தங்கச்சி” என்றது பெட்டி.

அத்தை ஸ்டூலை எட்டி உதைத்தாள்.

மீரான் என் முழங்கையைப் பிடித்துக்கொண்டான். “டேய், அதோட பதிவுல இது இல்லடா” என்று கிசுகிசுத்தான். “கோடிக்கணக்கான பேச்சக் கேட்டுத்தான் அது கத்துக்கிச்சு. சாவு வீட்ல கெளம்புறவன் பேசுறதே இல்லையே. பேசாததை எப்பிடிப் பதிவு பண்ணுவ?”

உள்ளே, தையற்கடை அழகுராணி அக்கா வாயைத் திறந்தாள். “எங்க ஆத்தா போனப்பவும் இப்பிடித்தாங்க சொன்னாரு.”

“ஏன்டி, அன்னைக்கே ஏன் சொல்லல?”

“எங்கூட மட்டுந்தான் இப்பிடிப் பேசுறாருன்னு இருந்தேன். அண்ணன் தங்கச்சி சமாச்சாரம். வெளிய போய்ச் சொல்லுவாங்களா?”

சுவரோரம் உட்கார்ந்திருந்த இன்னொருத்தி, தன் மாமனார் போனபோதும் இதேதான் என்றாள். இன்னொருத்தி, தன்னைத்தான் அவருக்கு மாநிலத்திலேயே ரொம்பப் பிடிக்கும் என்று அவர் சொன்னதாகச் சொன்னாள். அறையில் பாதிப் பேர் தலைநிமிர்ந்தார்கள். அவர்களிடமும் சொல்லியிருந்தார்.

சௌந்தரவல்லி அத்தை மூக்கைத் துடைத்துக்கொண்டு அம்மாவைப் பார்த்தாள். “தமயந்தி, நான் ஒன்னையப் பத்திச் சொன்னதுக்கெல்லாம் சரி சரின்னாரு.”

“என்ன சொன்ன?”

“குழாயடியில நீ ஒரு ராட்சசின்னு.”

“நான் ஒன்னையப் பிசாசுன்னு சொன்னேன்.”

“அதுக்கு?”

“நூத்துக்கு நூறு.”

சாவு வீட்டில் சிரிக்கக் கூடாது. இருவரும் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார்கள். தோள்கள் மட்டும் குலுங்கின. சிரிப்பு அடங்கியதும் அத்தை சொன்னாள்: “எம் மவன் வேலவெட்டிக்குப் போகாமச் சுத்துறான்னு ஒருநா சொல்லிட்டேன்டி. பெத்தவ வயிறெரிஞ்சு சொல்றதுதானே. மறுநா காலையில வேன் வந்துருச்சு. அப்பனுக்குக் கொள்ளி வெக்கக்கூட விடல.”

சன்னல் வழியாக அம்மாவின் முகம் எனக்குத் தெரிந்தது. தக்காளிக்கும் வேனுக்கும் நடுவில் இருந்த ஓர் இரவை அவள் திரும்பப் போய்ப் பார்ப்பது தெரிந்தது.

“நாந்தான்” என்றாள். “நானேதான் ஏத்திவிட்டேன்.”

யாரும் அவளுக்கு ஆறுதல் சொல்லவில்லை. அவள் எழுந்து, யார் முகத்தையும் பார்க்காமல், செருப்பை மாட்டிக்கொண்டு வெளியே வந்தாள்.

அன்று மாலை நான் ஒரு துண்டறிக்கை எழுதினேன். நல்ல எள்ளல். வாசித்துக் காட்டியபோது அம்மா கையை நீட்டித் தடுத்தாள். “நீ அறிவாளின்னு நல்லாத் தெரியுது. வேறென்ன தெரியுது இதுல?” தாளை மடித்து ஆடும் மேசைக்காலுக்கு அடியில் வைத்தாள். என் எழுத்துகளில் முதன்முதலாகச் சமூகத்துக்குப் பயன்பட்டது அதுதான்.

கோட்டைச்சாமி மாமாவின் பதினாறாம் நாள் காரியத்துக்குத் தெருவே வந்தது. சட்டப்படி அது சாவுக் கணக்கு. ஐந்து பேர் விதி செல்லாது. இலை போடுமுன் அம்மா எங்கள் வீட்டுப் பெட்டியைக் கொண்டுவந்து ஸ்டூலில் வைத்தாள். எதிரில் சம்மணம் போட்டு உட்கார்ந்தாள். அப்பாவை மீட்க அவளுக்குத் தெரிந்த ஒரே வழி அந்தப் பெட்டிதான். அதை இப்போது எல்லார் முன்னாலும் அடைக்கப்போகிறாள்.

“அண்ணே” என்றாள். “உங்களுக்கு நான் ஓட்டுப் போட மாட்டேன். குனிஞ்சு செவப்பத்தான் அமுக்கப்போறேன்.”

பெட்டி உடனே பதில் சொல்லவில்லை. அதற்கு முன் எங்கள் மாநிலத்தில் யாரும் அதனிடம் இதைச் சொன்னதில்லை. பயந்தவர்கள் சொல்லவில்லை, பிடித்தவர்களுக்குச் சொல்லத் தேவையிருக்கவில்லை. வாசலில் வேன் சத்தம் கேட்கிறதா என்று நான் காதைத் தீட்டிக்கொண்டிருந்தேன்.

“நீங்க சொல்றது நூத்துக்கு நூறு சரி, தங்கச்சி” என்றது பெட்டி, கனிவாக. “நானா இருந்தாலும் செவப்பத்தான் அமுக்குவேன்.”

சௌந்தரவல்லி அத்தை பெட்டியைத் தன் பக்கம் இழுத்தாள். “நானும் செவப்புதான்.” “சரியான முடிவு தங்கச்சி.” அழகுராணி அக்கா, “நானு?” “தைரியமாப் போடுங்க தங்கச்சி, அண்ணன் இருக்கேன்.” பெட்டியின் முன்னால் வரிசை கட்டிவிட்டார்கள். பாயசம் ஆறிப்போனது. மூத்தவரின் ஆட்சியை எதிர்த்துக் கிடைத்த முதல் பிரச்சாரகர் மூத்தவர்தான். அதுவும் வீட்டுக்கு ஒருவர், இலவசம்.

அதன்பிறகு நடந்ததை யாரும் திட்டமிடவில்லை. அம்மாவும் அத்தையும் அடுத்த தெருச் சாவுக்குப் பெட்டியோடு போனார்கள். அங்கே வந்தவர்கள் தங்கள் ஊர்ச் சாவுக்குப் போனார்கள். அழைப்பு தேவையில்லை என்பது இவ்வளவு பெரிய அரசியல் உரிமை என்று அதுவரை எங்களுக்குத் தெரியாது. அறிமுகமே இல்லாத பெண்கள் பேருந்து பிடித்து வந்து மாரடித்து அழுதார்கள். இறந்தவர்கள் போதாமல் போனபோது முப்பதாம் நாள், வருசத் திதி என்று தொடங்கினார்கள். அந்த மாதம் எங்கள் மாநிலத்தில் தாத்தாக்கள் வரலாறு காணாத அளவில் நினைவுகூரப்பட்டார்கள். பெயர் தெரியாத முப்பாட்டன்களுக்கெல்லாம் படையல் நடந்தது. இனிச் சாவுக்கு முன்னனுமதி பெற வேண்டும் என்று ஓர் உத்தரவு போட்டுப் பார்த்தார்கள். இறந்தவர்கள் அதைப் பொருட்படுத்தவில்லை.

ஒருவர் மேல் ஒருவர் பெட்டியிடம் குறை சொல்வதும் நின்றது. சொல்ல வேண்டியிருந்தால் நேரில் போய்ச் சொல்லிக்கொண்டார்கள். குழாயடிச் சத்தம் கல்லூரி வரை கேட்டது. வெள்ளை வேன்கள் காலியாகச் சுற்றின.

“சரிபண்ண முடியலையா உங்க ஆளுகளுக்கு?” என்று மீரானைக் கேட்டேன்.

“பாத்தாங்க மாப்ள. ஒரு ஊர்ல மட்டும் பெட்டிய எதுத்துப் பேச வெச்சாங்க. மத்தியானத்துக்குள்ள ஊரே அதை அரிசிப் பானைக்குள்ள போட்டு மூடிருச்சு. சரின்னு சொல்றதத் தவிர அதுகிட்ட வேற சரக்கே இல்லையே.” பிறகு குரலைத் தாழ்த்தினான். “நெசமான மூத்தவரு வீட்லயும் ஒரு பெட்டி இருக்குதாம். ஜெயிச்சிருவோமான்னு தெனமும் அதுகிட்டதான் கேக்குறாராம்.”

என்ன பதில் வந்திருக்கும் என்று நாங்கள் பேசிக்கொள்ளவில்லை.

வாக்குப்பதிவன்று மாநிலமே குனிந்தது. இடுப்பு வலிக்காரர்கள், கர்ப்பிணிகள், ஓய்வுபெற்ற ஆசிரியர்கள் எல்லாரும் முழங்காலைத் தொட்டு நிமிர்ந்தார்கள். அம்மா வெளியே வந்து, “சன்னல் முன்னாடி குனிஞ்ச பழக்கம் இன்னைக்குத்தான்டா ஒதவுச்சு” என்றாள். மறுநாள் முடிவு வந்தது. சிவப்பு ஜெயித்தது. சும்மா ஜெயிக்கவில்லை, பச்சைப் பொத்தானில் தூசி படிய ஜெயித்தது. கொண்டாட மேளம் தேவைப்பட்டது. அந்த மாதம் முழுக்க ஓயாமல் பழகியிருந்தது சாவு மேளக்காரர்கள்தான். அவர்களே வந்தார்கள். அந்த அடிக்கு ஆடாத கால் உலகத்தில் இல்லை. சௌந்தரவல்லி அத்தை தாழ்வாரத்தில் நின்று தாளத்துக்குத் தலையசைத்தாள். அம்மா தெருவின் நடுவில், முந்தானையை இடுப்பில் சொருகிக்கொண்டு ஆடினாள். அம்மாவுக்கு ஆடத் தெரியும் என்பதே எனக்கு அன்றுதான் தெரியும்.

அந்த வாரமே திருத்த இல்லங்களைத் திறந்தார்கள். அத்தையின் மகன் வந்தான். அப்பா வந்தார். இளைத்திருந்தார். தெருவே மாலையோடும் மேளத்தோடும் நின்றது. அம்மா ஆரத்தித் தட்டைக் கீழே வைக்காமலே சொன்னாள்: “உங்கள அங்க அனுப்புனது நாந்தான். தக்காளிக்காக.”

“தெரியும்” என்றார் அப்பா. நாற்காலியில் உட்கார்ந்தார். எல்லார் முகத்தையும் பார்த்தார். “உள்ள இருந்தவங்களுக்கும் ஓட்டு இருந்துச்சு” என்றார். “நான் பச்சையத்தான் அமுக்குனேன்.”

மேளம் ஒவ்வொன்றாக நின்றது.

“என்னப்பா சொல்றீங்க?” என்றேன்.

“அங்கேயும் ஆளுக்கொரு பெட்டி குடுத்தாங்கடா. பொழுதன்னைக்கும் அதுகூடத்தான் பேச்சு. பஸ்ல ஏறுனவன்ல எவனாச்சும் என் மொகத்தப் பாத்திருப்பானா? சில்லறையத்தான் பாப்பான். அது மட்டுந்தான்டா ‘காலு வலிக்குதா தம்பி’ன்னு கேட்டுச்சு. அடச்சு வெச்சவன்னு தெரியும். தெரிஞ்சுதான் அமுக்குனேன்.”

சிரிப்பதற்கு எனக்கு ஒரு நல்ல வரி தோன்றியது. நல்லவேளை, அம்மா முந்திக்கொண்டாள். தட்டை என் கையில் கொடுத்துவிட்டு அவர் எதிரில் தரையில் உட்கார்ந்தாள்.

“காலு வலிக்குதா?”

“வலிக்குது.”

அவர் காலை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். “சரி, சொல்லுங்க. அதுகிட்ட என்னென்ன சொன்னீங்களோ அம்புட்டையும் எங்கிட்ட சொல்லுங்க.”

அப்பா தொண்டையைச் செருமிக்கொண்டார். “என்ன இருந்தாலும், அவரு ஆட்சி அப்பிடியொண்ணும் மோசமில்ல.”

“தப்பு” என்றாள் அம்மா.

அப்பா நிமிர்ந்து பார்த்தார். அத்தனை மாதங்களில் அவர் காதில் விழாத சொல் அது. முகத்தில் முதலில் ஒரு திகைப்பு வந்தது. பிறகு, பஸ் கூட்டத்தில் தெரிந்தவர் ஒருவரைக் கண்டது போல ஒரு வெளிச்சம் வந்தது. காலை இழுத்துக்கொண்டார். நாற்காலியை இன்னும் கொஞ்சம் முன்னால் நகர்த்திப் போட்டார்.

“எது தப்பு? சொல்லு பாப்போம்.”